ஜீரோ க்ளாஷ் மாடல், 75 எம்எம் தப்பு: ஒரு காரிடார் ஷாப் டிராயிங்ல நடந்தது

கம்ப்யூட்டர் 3டி மாடல்ல ஒரு க்ளாஷ் (ஒண்ணோட ஒண்ணு இடிக்கறது) கூட இல்ல, டிராயிங் அப்ரூவ் ஆகி கையில வந்துருச்சு, ஆனா சைட்ல ட்ரெய்ன் பைப் போய் பீம்ல முட்டுது. இந்த மாதிரி ஒரு போன் வந்தா முதல்ல யார நம்பறது யார சந்தேகப்படறதுன்னே தெரியாது. எங்களுக்கு காரணம் புரியறதுக்கு ஒன்றரை நாள் ஆச்சு, புரிஞ்சப்ப அது ஒரே ஒரு வரி நோட்டும் ஒரு லெவல் பேரும்தான். ரெவிட்ல (பில்டிங்க 3டி-ல வரையற சாஃப்ட்வேர்) சர்வீசஸ் (ஏசி, ப்ளம்பிங், எலக்ட்ரிக்கல்) ஷாப் டிராயிங் போடற எல்லாருக்கும் இது நடக்க வாய்ப்பு இருக்கு, அதனால என்ன பண்ணோம் எங்க விட்டோம் எப்படி சரி பண்ணோம்னு நம்பரோட முழுசா எழுதறேன்.

வேலை என்னன்னா

ஆஸ்பத்திரி பில்டிங், 3-வது மாடி காரிடார். அகலம் 2400, ஃபால்ஸ் சீலிங் உயரம் ஃபினிஷ் ஃப்ளோர்லேர்ந்து 2700. ஸ்லாப்லேர்ந்து ஸ்லாப் 4200, பீம் ஆழம் ஸ்லாப்போட சேர்த்து 600. ஸ்ட்ரக்சர் ஸ்லாப்புக்கு மேல ஃப்ளோர் ஃபினிஷ் 75 எம்எம். இந்த 75-அ மனசுல வெச்சுக்கோங்க, மொத்த கதையும் இதுலதான் இருக்கு.

இந்த காரிடார் சீலிங்குக்குள்ள போக வேண்டியது: 600-க்கு 300 சப்ளை டக்ட் (ஏசி காத்து போற தகரக் குழாய்), இன்சுலேஷன் போட்ட சில்டு வாட்டர் (ஏசிக்கான குளிர்ந்த தண்ணி) பைப் ரெண்டு, ஸ்ப்ரிங்க்ளர் மெயின், கேபிள் ட்ரே, மெடிக்கல் கேஸ் லைன், அப்புறம் மேல் மாடி டாய்லெட்லேர்ந்து வர்ற 110 எம்எம் ட்ரெய்ன். ட்ரெய்ன் டக்ட்டுக்கு மேலயே 12 மீட்டர் ஓடி ஷாஃப்ட்ல இறங்குது, ஸ்லோப் 100-க்கு 1, அதாவது 12 மீட்டர்ல 120 எம்எம் கீழ வந்துரும்.

டிசைன் டிராயிங்ல என்ன இருக்கும்? எந்த சைஸ் டக்ட் எங்கிருந்து எங்க போகுதுன்னு இருக்கும், அவ்வளவுதான். ஷாப் டிராயிங்னா அத வெச்சு ஒருத்தர் தகரம் வெட்டணும், ஒருத்தர் ஏணி மேல ஏறி ராட் தொங்க விடணும். டக்ட் பீஸ் எங்க முடியுது, ஃப்ளேஞ்ச் எங்க வருது, ஹேங்கர் எத்தன மீட்டருக்கு ஒண்ணு, டக்ட்டோட அடிமட்டம் எவ்வளவு உயரம், பீம்ல ஸ்லீவ் (பைப் நுழைய விடற ஓட்டை) எங்க, எல்லாமே அதுல இருந்தாகணும். மாடல் எவ்வளவு அழகா இருந்தாலும் ஏணி மேல நிக்கறவர் கையில இருக்கறது அந்த ஒரு பேப்பர்தான்.

மாடல் பண்ண முறையில தப்பு இல்ல. ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர் ரெண்டு மாடலையும் லிங்க் பண்ணி, கோஆர்டினேட் ஒத்து வருதான்னு பாத்துட்டு, ஸ்ட்ரக்சர் மாடல்லேர்ந்து க்ரிட்டையும் லெவலையும் காப்பி மானிட்டர் பண்ணி (அங்க மாறினா நமக்கு தெரியற மாதிரி காப்பி) எடுத்தோம். ரூட்டிங்ல வரிசை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஸ்லோப்ல ஓடற ட்ரெய்னுக்குதான் முதல் இடம், ஏன்னா அத மேல தூக்க முடியாது, தண்ணி தானா இறங்கணும். அடுத்தது பெரிய டக்ட், அப்புறம் சில்டு வாட்டர், ட்ரே, கடைசில ஸ்ப்ரிங்க்ளர், அது எங்க வேணா வளைஞ்சு போகும். நேவிஸ்வொர்க்ஸ்ல (எல்லா மாடலையும் சேர்த்து க்ளாஷ் தேடற சாஃப்ட்வேர்) ஹார்டு க்ளாஷ் (நேரா இடிக்கறது) பாத்தோம், இன்சுலேஷனோட சேர்த்து க்ளியரன்ஸ் டெஸ்ட்டும் (நடுவுல போதுமான இடம் இருக்கான்னு) பாத்தோம், நாலு கோஆர்டினேஷன் மீட்டிங் போச்சு, கடைசி ரிப்போர்ட்ல இந்த காரிடார்ல பூஜ்யம்.

ட்ரெய்னோட ரெண்டு முனையிலயும்தான் இடம் ரொம்ப டைட்டு. தாழ்ந்த முனையில பைப் அடிமட்டத்துக்கும் டக்ட் இன்சுலேஷன் மேல்மட்டத்துக்கும் நடுவுல 85 எம்எம் விட்டிருந்தோம். உயர்ந்த முனையில பைப் தலைக்கும் பீம் அடிக்கும் நடுவுல 35 எம்எம். இது போதும்னு ப்ளம்பிங் டீமும் ஒத்துக்கிச்சு, நிஜமாவே போதும்தான்.

ப்ளான் 50-க்கு 1, செக்ஷன் (குறுக்கு வெட்டு படம்) 25-க்கு 1, ஷீட் போட்டு டேக் (மாடல்லேர்ந்து அளவ எடுத்து காட்டற எழுத்து) வெச்சு சப்மிட் பண்ணோம். அப்ரூவ்டு வித் காமென்ட்ஸ்னு திரும்பி வந்துச்சு. காமென்ட் எல்லாம் க்ரில் சைஸ், ஃபயர் டேம்பர் ஆக்சஸ் பேனல், டேக் எழுத்து சின்னதா இருக்கு, இப்படி. உயரத்த பத்தி யாரும் ஒரு வார்த்த சொல்லல.

சைட்ல என்ன ஆச்சு

டக்ட் டீம் முதல்ல ஏறிச்சு. காரிடார் செவுத்துல ஃபினிஷ் ஃப்ளோர்லேர்ந்து சரியா 1000 எம்எம் உயரத்துல லேசர் வெச்சு நீலக்கோடு அடிச்சிருப்பாங்க, ஒன் மீட்டர் லைன்னு சொல்லுவாங்க, சீலிங்காரர், கதவுக்காரர், சர்வீசஸ்காரர் எல்லாரும் அதுலேர்ந்துதான் அளப்பாங்க. ஷீட்ல டக்ட் அடிமட்டம் 2925-னு போட்டிருந்துச்சு, அவங்க கோட்டுலேர்ந்து 1925 மேல அளந்து மார்க் பண்ணி, ட்ரபீஸ் ஹேங்கர் (ரெண்டு ராட்ல தொங்கற குறுக்கு சேனல்) போட்டு 18 மீட்டர் டக்ட்ட தூக்கிட்டாங்க. வேலை சுத்தமா இருந்துச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரெண்டு நாள் கழிச்சு ப்ளம்பிங். அவங்க ஷீட்ல உயர்ந்த முனையில பைப் அடிமட்டம் 3455. கோட்டுலேர்ந்து 2455 அளந்து பாத்தா பைப்போட தலை பீம் அடிய தாண்டி 40 எம்எம் உள்ள போகுது, கான்கிரீட்டுக்குள்ள. உடனே போன் வந்துச்சு. ஆனா வேலை நிக்கக்கூடாதுன்னு அங்க இருந்தவங்க டிராயிங்ல இருந்த 35 எம்எம் கேப்ப மட்டும் காப்பாத்தி, முழு பைப்பையும் 75 கீழ இறக்கி அதே ஸ்லோப்ல ஓட்டிட்டாங்க. தாழ்ந்த முனைக்கு போனா பைப்புக்கும் டக்ட்டுக்கும் நடுவுல 85 இருக்க வேண்டிய இடத்துல 10 எம்எம்தான் மிச்சம், பைப் சாக்கெட் (ஜாயின்ட் வாய்) பைப்ப விட தடிமனா இருக்கும்ல, அது நேரா இன்சுலேஷன் மேல உக்காந்துருச்சு. ட்ரெய்ன் சாக்கெட் டக்ட் மேல அழுத்திட்டு இருந்தா நாளைக்கு இன்சுலேஷன் கிழிஞ்சு அங்க வேர்த்து சொட்டும், அதுவும் ஆஸ்பத்திரி காரிடார்ல.

நாங்க முதல்ல பண்ண தப்பு, கான்கிரீட் மேல சந்தேகப்பட்டது. ஒன் மீட்டர் லைன்லேர்ந்து பீம் அடி வரைக்கும் அளந்தா 2525, அதாவது ஃபினிஷ் ஃப்ளோர்லேர்ந்து 3525. எங்க செக்ஷன்ல 3600. சரி, பீம் 75 எம்எம் கீழ ஊத்திட்டாங்க போலன்னு ஸ்ட்ரக்சர் டீமுக்கு ஆர்.எஃப்.ஐ (விளக்கம் கேட்டு அனுப்பற கடிதம்) எழுதி ரெடி பண்ணிட்டோம். அனுப்பறதுக்கு முன்னாடி ஆட்டோ லெவல் (உயரம் அளக்கற சர்வே கருவி) வெச்சு பன்னெண்டு இடத்துல ரீடிங் எடுக்க சொன்னோம், எல்லா பீமும் சில எம்எம் வித்தியாசத்துக்குள்ள சரியா இருந்துச்சு. அந்த ஆர்.எஃப்.ஐ-அ அனுப்பாம விட்டது நல்லதா போச்சு.

அடுத்த நாள் நான் ஷீட்ட எடுத்துட்டு சைட்டுக்கு போனேன். டக்ட் ஃபோர்மேன் வயசுல பெரியவர், இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்கறவர். ஷீட்ட ஏணி படியில விரிச்சு வெச்சுட்டு கேட்டார், "தம்பி, இந்த 2925 எங்கிருந்து?" நான் யோசிக்காம "ஃபினிஷ் ஃப்ளோர்லேர்ந்துண்ணே, நோட்ல போட்டிருக்கு பாருங்க"ன்னேன். அவர் சீலிங் டிராயிங்க பக்கத்துல வெச்சார். "சீலிங் 2700. அப்ப சீலிங்குக்கும் டக்ட்டுக்கும் நடுவுல 225 வரணும். உங்க செக்ஷன்ல அவ்வளவு பெருசா இல்லையே, அளந்து பாருங்க"ன்னார். லேப்டாப்ப திறந்து அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு டைமென்ஷன் இழுத்தேன். 150.

மாடல்ல டக்ட் ஃபினிஷ் ஃப்ளோர்லேர்ந்து 2850-ல இருக்கு. டேக் 2925-ன்னு சொல்லுது. வித்தியாசம் 75.

காரணம்

ரெவிட்ல டக்ட், பைப் எல்லாத்துக்கும் ஒரு ரெஃபரன்ஸ் லெவல் இருக்கும், எலிவேஷன் பாராமீட்டர் அந்த லெவல்லேர்ந்துதான் கணக்கு. எங்க லெவல் எல்லாம் ஸ்ட்ரக்சர் மாடல்லேர்ந்து வந்தது, அது ஸ்லாப் டாப், அதாவது எஸ்.எஸ்.எல். டேக் ரொம்ப நேர்மையா எஸ்.எஸ்.எல்-லேர்ந்து 2925-ன்னு சொல்லிச்சு. ஆனா டைட்டில் ப்ளாக்ல (ஷீட் ஓரத்து விவரப் பெட்டி) இருந்த ஜெனரல் நோட் முந்தின ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்லேர்ந்து வந்தது, அங்க லெவல் எல்லாம் ஃபினிஷ் ஃப்ளோர்ல இருந்துச்சு, அதனால "எல்லா உயரமும் எஃப்.எஃப்.எல்-லிருந்து"ன்னு, அதாவது ஃபினிஷ் ஃப்ளோர் லெவல்லேர்ந்துன்னு எழுதி இருந்துச்சு. லெவல் பேரு வெறும் "லெவல் 3". பின்னாடி எஸ்.எஸ்.எல்-னு ஒரு வார்த்த இருந்திருந்தா செக்ஷன பாக்கற யாருக்காவது உறுத்தியிருக்கும்.

க்ளாஷ் டெஸ்ட் ஏன் பிடிக்கலன்னு மீட்டிங்ல ஒருத்தர் கேட்டார், நியாயமான கேள்விதான். க்ளாஷ் டெஸ்ட் பாக்கறது வடிவத்த மட்டும்தான். வடிவம் எல்லாம் சரியான இடத்துல இருந்துச்சு, ஒண்ணுக்கொண்ணு இடிக்கவே இல்ல. தப்பு இருந்தது அந்த வடிவத்த நம்பரா மாத்தி பேப்பர்ல எழுதற இடத்துல. ஷீட்ல இருக்கற டேக், நோட், லெவல் பேரு இது எதையும் நேவிஸ்வொர்க்ஸ் படிக்காது. மாசக்கணக்கா மாடல செக் பண்ணோம், ஷீட்ட யாருமே ஒரு நம்பரோட இன்னொரு நம்பர ஒப்பிட்டு செக் பண்ணல. சீலிங்குக்கும் டக்ட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு டைமென்ஷன் செக்ஷன்ல போட்டிருந்தா 2700, 150, 2925 மூணும் ஒரே பேப்பர்ல இருந்து, கூட்டிப் பாத்த முதல் ஆள் பிடிச்சிருப்பார்.

அப்ரூவ் பண்ணவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அவங்க பாத்தது டிசைன் நோக்கம் சரியா இருக்கான்னு. அளவுக்கு பொறுப்பு டிராயிங் போட்ட நாங்கதான். ஆனா முத்திரை விழுந்துட்டா எல்லாரும் பாத்தாச்சுன்னு ஒரு நிம்மதி வந்துருது பாருங்க, அது ஆபத்தானது. 1981 ஜூலை 17, அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டி ஹையட் ரீஜென்சி ஹோட்டல் லாபியில தொங்கு நடைபாலம் விழுந்து 114 பேர் செத்தாங்க. 4-வது மாடி பாலமும் 2-வது மாடி பாலமும் ஒரே நீள ராட்ல தொங்கணும்னு டிசைன். அத ஷாப் டிராயிங்ல ரெண்டு தனித்தனி ராடா மாத்துனாங்க, கீழ் பாலம் மேல் பாலத்துலேர்ந்து தொங்கற மாதிரி. அதனால மேல் பாலத்து பீம்ல நட் உக்கார்ற இடத்துல சுமை ரெண்டு மடங்கு ஆச்சு. விசாரணையில பழைய டிசைனே அந்த ஊர் பில்டிங் கோடு கேட்டதுல 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும்னு வந்துச்சு, அது மேல இந்த மாற்றம். அந்த ஷாப் டிராயிங் இன்ஜினியர் முத்திரையோட போயிருந்துச்சு. எங்க 75 எம்எம் அந்த அளவு பெரிய விஷயம் இல்ல, யாருக்கும் அடிபடல. ஆனா ஷாப் டிராயிங்ல ஒரு சின்ன மாற்றம் யார் கண்ணுலயும் படாம போறதுக்கு வழி அன்னைக்கும் இதேதான், அதான் சொன்னேன்.

நடுவுல ஒரு அவசர ரிவிஷன்

இதயும் மறைக்காம எழுதணும். காரணம் தெரிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே ரிவிஷன் வேணும்னு சைட்ல கேட்டாங்க. எங்க டீம்ல ஒரு பையன், நல்ல உழைப்பாளி, ரெவிட்ல டேக் எல்லாத்தயும் மாத்த நேரம் ஆகும்னு ஷீட்ட ஆட்டோகேடுக்கு எக்ஸ்போர்ட் பண்ணி ஒவ்வொரு நம்பர்லயும் 75 கழிச்சு கையால டைப் பண்ணிட்டான். ரெவிட் டைமென்ஷன்ல நம்பருக்கு பதிலா வேற நம்பர் அடிச்சா ஏத்துக்காது, எழுத்து வேணா போடு, நம்பர் போடாதன்னு தடுத்துரும். அந்த தடை வெச்சதுக்கு நான் நன்றிதான் சொல்லுவேன். ஆட்டோகேட்ல அந்த மாதிரி தடை இல்ல.

மூணு ஷீட்ல இருந்த 26 டேக்ல 24 மாறியிருந்துச்சு, 2 மாறல. அத நான் காலையில பிரின்ட் எடுத்து பழசோட ஒண்ணொண்ணா டிக் அடிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, சைட்ல யாரும் அத வெச்சு அளக்கறதுக்கு முன்னாடி திருப்பி வாங்கிட்டோம். ஒரே ஷீட்ல ரெண்டு விதமான லெவல் இருந்தா அது முதல் தப்ப விட மோசம், முதல் தப்பாவது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி 75. பையன திட்டல. ஆனா அன்னையிலேர்ந்து ஷீட்ல இருக்கற எந்த நம்பரும் மாடல்லேர்ந்துதான் வரணும், எக்ஸ்போர்ட் பண்ண ஃபைல்ல ஒரு எழுத்து கூட தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணோம். இதுல எனக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. கையால மாத்துன நம்பர் அடுத்த ரிவிஷன்ல பழசுக்கே திரும்பிரும், யார் எதுக்கு மாத்துனாங்கன்னு ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க.

சரி பண்ணது

மாடல்ல ஒவ்வொரு மாடிக்கும் ரெண்டு லெவல் ஆச்சு, "எல்03 எஸ்.எஸ்.எல்" ஒண்ணு, "எல்03 எஃப்.எஃப்.எல்" ஒண்ணு. சர்வீசஸ் எல்லாத்துக்கும் ரெஃபரன்ஸ் லெவல் எஃப்.எஃப்.எல்-க்கு மாத்தினோம். ரெஃபரன்ஸ் லெவல் மாத்தறப்ப டக்ட் இடம் நகராம ஆஃப்செட் (லெவல்லேர்ந்து இருக்கற உயரம்) மட்டும் மாறுதான்னு ஒரு காப்பி ஃபைல்ல பாத்துட்டுதான் சென்ட்ரல்ல (எல்லாரும் சேர்ந்து வேலை பாக்கற மெயின் ஃபைல்) பண்ணோம், மாத்துனதுக்கு அப்புறம் மறுபடியும் ஃபுல் க்ளாஷ் ரன். செக்ஷன்ல டேக்க மட்டும் நம்பாம ஸ்பாட் எலிவேஷன் (வெச்ச இடத்தோட உயரத்த காட்டற குறி) போட்டோம், அதோட டைப்ல எலிவேஷன் ஆரிஜின் ரிலேடிவ்னு வெச்சு எஃப்.எஃப்.எல் லெவல காமிச்சா, எண் எங்கிருந்து வருதுன்னு சந்தேகமே வராது. ஜெனரல் நோட்ட டெம்ப்ளேட்லேர்ந்து எடுத்துட்டு டைட்டில் ப்ளாக்ல காலியா விட்டோம், ஷீட் போடறவர் தானே எழுதியாகணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு. ஒவ்வொரு செக்ஷன்லயும் ஃப்ளோர் ஃபினிஷ் மேல ஒரு ஸ்பாட் எலிவேஷன், ஸ்லாப் மேல ஒண்ணு. முதல்ல 0 வரணும், ரெண்டாவதுல மைனஸ் 75 வரணும். வரலன்னா ஷீட் வெளிய போகாது. அது ரெண்டும் லிங்க் மாடல்ல இருக்கற ஃப்ளோர பிடிச்சிட்டு நிக்கறதால, ஆர்க்கிடெக்ட் அந்த ஃப்ளோர அழிச்சு புதுசா வரைஞ்சா ஸ்பாட் அறுந்துரும், அப்ப திரும்ப வைக்கணும். அறுந்து போறதே ஒரு சிக்னல்தான், கீழ ஏதோ மாறியிருக்குன்னு தெரிஞ்சுரும்.

ஹேங்கரையும் மாடல்ல கொண்டு வந்தோம். அதுவரைக்கும் டைப்பிக்கல் டீடெய்ல் ஒண்ணு ஓரமா ஒட்டிட்டு விட்டிருந்தோம். எல்.ஓ.டி (மாடல்ல எவ்வளவு விவரம் இருக்குங்கற அளவுகோல்) 300-ல சைஸும் இடமும் சரியா இருந்தா போதும், 350-ல சப்போர்ட்டும் மத்த சிஸ்டத்தோட சேர்ற இடமும் வரணும், 400-ல செஞ்சு மாட்டற அளவு விவரம். நாங்க 300 மாடல வெச்சுட்டு 400 பேப்பர் போட பாத்தோம்னுதான் சொல்லணும். ட்ரபீஸ் சேனலும் ராடும் மாடல்ல வந்தப்ப, அதுவரைக்கும் ஜீரோ க்ளாஷா இருந்த காரிடார்ல ராட் நாலு இடத்துல கேபிள் ட்ரேய குத்துச்சு. ட்ரே அப்ப மாட்டல, அதனால பேப்பர்லயே முடிஞ்சுது.

சைட்ல ரீவொர்க் நாங்க பயந்த அளவு இல்ல. பைப்ப தொட வேண்டியதே வரல, ஏன்னா ப்ளம்பிங் டீம் பீமுக்கு பயந்து 75 இறக்குனாங்கல்ல, அது மாடல்ல பைப் இருக்க வேண்டிய அதே இடம். டக்ட்ட மட்டும் 75 இறக்கணும். 8 ட்ரபீஸ், 16 ராட். நட்ட தளர்த்தி இறக்கலாம்னு பாத்தா நட்டுக்கு கீழ ராட் 40 எம்எம்தான் மிச்சம் விட்டு வெட்டியிருந்தாங்க, அதனால 16 ராட்லயும் கப்ளர் நட் போட்டு துண்டு ராட் சேர்த்து, டக்ட்ட கீழேர்ந்து தாங்கி பிடிச்சுட்டு ஒவ்வொரு ஹேங்கரா இறக்குனாங்க. ரெண்டு ராத்திரி. சாக்கெட் உரசுன எடத்துல இன்சுலேஷன் வெட்டி புதுசு போட்டாங்க. அப்புறம் தாழ்ந்த முனையில ஃபோர்மேன் டேப் வெச்சு அளந்து காமிச்சார், 82. மாடல்ல 85.

ஷீட் வெளிய விடறதுக்கு முன்னாடி இப்ப ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். பிரின்ட்ட அந்த டக்ட் ஃபோர்மேன்கிட்ட குடுத்து, நாங்க எதுவும் விளக்காம, "அண்ணே, இத நீங்க எப்படி அளப்பீங்க, கோட்டுலேர்ந்து எவ்வளவு"ன்னு கேப்போம். அவர் சொல்ற நம்பர நாங்க எழுதிக்கிட்டு வந்து மாடல்ல ஒன் மீட்டர் லைன் உயரத்துல ஒரு ரெஃபரன்ஸ் ப்ளேன் போட்டு அங்கிருந்து அளந்து ஒப்பிடுவோம். பத்து நிமிஷ வேலை. சாஃப்ட்வேர்ல எந்த செட்டிங்கும் இதுக்கு ஈடு இல்லன்னு நான் நெனைக்கறேன்.

4-வது மாடி ஷீட் போட்டப்ப லிஃப்ட் லாபி செக்ஷன்ல ஃபினிஷ் மேல இருந்த ஸ்பாட் 0-க்கு பதிலா ப்ளஸ் 35-ன்னு காமிச்சுது. தோண்டி பாத்தா லாபிக்கு மட்டும் கல் தளம் போடறாங்க, ஃபினிஷ் 75 இல்ல 110, ஆனா ஸ்ட்ரக்சர் மாடல்ல அங்க ஸ்லாப்ப இறக்கல. அப்படியே கட்டியிருந்தா காரிடார்லேர்ந்து லாபிக்கு போற இடத்துல 35 எம்எம் படி, ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டு போற வழி. அந்த ஸ்லாப் இன்னும் கான்கிரீட் போடல. இந்த தடவ ஆர்.எஃப்.ஐ-ய செக்ஷன் படத்தோட அனுப்பினோம், லாபியில ஸ்லாப்ப 35 இறக்க சொல்லி பதில் வந்துச்சு, புது ஸ்ட்ரக்சர் மாடல லிங்க் பண்ணி அந்த ஸ்பாட் 0 காமிச்ச பிறகுதான் லாபி ஷீட்ட வெளிய விட்டோம்.